சர்க்கரைப் புண்ணுக்கு 'ஸ்மார்ட்' ஜெல்: எலிக்கு ஆறுகிறது, மனிதர்களுக்கு ஏன் வந்து சேரவில்லை?

பாலிமர்ப்பையன்

வணக்கம். எம்.டெக். பயோமெட்டீரியல்ஸ் படிக்கிறேன். இறுதித் திட்டத்துக்கு ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கான ஹைட்ரோஜெல்லை (நீரைப் பிடித்துவைக்கும் பாலிமர் ஜெல்) எடுத்துக்கொள்ளலாம் என்று கைடு சொல்கிறார். எனக்கும் ஆசைதான்.

யோசனை இது. ஹையலூரோனிக் அமிலம் என்ற பாலிமரின் சங்கிலிகளை ஃபீனைல்போரானிக் அமிலத்தால் கோத்து ஜெல்லாக்குவது. சர்க்கரை கூடினால் அந்தப் பிணைப்பு தளர்ந்து உள்ளே இருக்கும் மருந்து கசியும். கூடவே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி. அது புண்ணில் இருக்கும் குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றும். அமிலம் புண்ணின் காரத்தன்மையைக் குறைக்கும், பெராக்சைடு கிருமியைக் கொல்லும். மிஞ்சும் பெராக்சைடிலிருந்து ஆக்சிஜன் எடுக்க மாங்கனீசு டை ஆக்சைடு நுண்துகள்.

இந்த வகையில் மாதாமாதம் ஆய்வுக்கட்டுரைகள் வருகின்றன. எல்லாவற்றிலும் எலியின் புண் இரண்டு வாரத்தில் மூடிவிடுகிறது. மருந்துக்கடையில் கேட்டால் காஸ் துணி, பொவிடோன் அயோடின், மிஞ்சிப்போனால் கொலாஜன் ஷீட். நடுவில் எங்கே அறுந்துபோகிறது? களத்தில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

கட்டுக்காரி

தம்பி, நான் பாதப் புண் கிளினிக்கில் நர்ஸ். முதலில் ஒரு கேள்வி: எந்தப் புண்ணுக்கு?

எங்களிடம் 'சர்க்கரைப் புண்' என்று வருவது ஒரே நோய் இல்லை. பெருவிரல் மூட்டுக்கு அடியில் காய்ப்பு ஏறி, காய்ப்புக்கு நடுவே குழி விழுந்து, தொட்டால் வலிக்காது. அது நரம்புச் சேதத்தால் வரும் அழுத்தப் புண். விரல் நுனி கறுத்து, பாதம் சில்லென்று இருந்தால் ரத்தம் போகவில்லை. வீங்கிச் சிவந்து சீழ் கட்டியிருந்தால் தொற்று. பாதிப்பேருக்கு இதில் இரண்டு, சிலருக்கு மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

நாங்கள் செய்யும் வரிசை இது. 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்போம். டாப்ளரில் ரத்த ஓட்டம். புண்ணுக்குள் கம்பி விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்போம். செத்த சதையையும் காய்ப்பையும் சீவி எடுப்போம். அப்புறம் அந்த இடத்தில் எடை விழாமல் செய்வோம். மேலே என்ன பொருளை வைப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

உன் கட்டுரைகளில் எந்த எலியாவது புண்ணின் மேலேயே நடந்து டீக்கடைக்குப் போகிறதா?

இடதுகால்

அக்கா சொன்ன அந்த டீக்கடைக்காரன் நான்தான். டீக்கடை இல்லை, மளிகைக்கடை. காலையில் கடையைத் திறந்தால் ராத்திரி வரை நின்றபடிதான் வியாபாரம்.

வலித்தால் உட்கார்ந்திருப்பேன். வலிக்கவே இல்லை. வெள்ளை வேட்டியில் கறை பட்டதைப் பார்த்து வீட்டில் சொன்ன பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொலாஜன் ஷீட் வைத்தார்கள். வாரா வாரம் புதிது, வாரா வாரம் பில். எப்படிப்பட்ட செருப்பு போடவேண்டும், எவ்வளவு நடக்கலாம் என்று அங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வேறொரு இடத்தில் மாவுக்கட்டு போட்ட பிறகுதான் புண் சுருங்க ஆரம்பித்தது. கடையை மச்சான் பார்த்துக்கொண்டதால் என்னால் உட்கார முடிந்தது. அவன் இல்லையென்றால் கட்டைப் பிரித்துவிட்டுப் போய் நின்றிருப்பேன், பொய் சொல்லவில்லை.

தோல்தொழில்

மாவுக்கட்டுப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். காலோடு ஒட்டினாற்போல் போட்டு எடையை மொத்தப் பாதத்துக்கும் பரப்பும் அந்த முறை நம் பக்கத்தில் வளர்ந்தது. 1930களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணுக்கு அதைப் பயன்படுத்தினார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட். தொழுநோயில் கால் அழுகுவது கிருமி தின்பதால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மிதிப்பதால் என்று நிறுவியவர்களில் அவர் முக்கியமானவர். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார், முறையும் கூடவே போய் அங்கே சர்க்கரை நோயாளிகளுக்குப் பரவியது. இரண்டு நோயிலும் நரம்புதான் போகிறது.

கொலாஜன் பற்றியும் ஒரு வார்த்தை. நான் தோல் பதனிடும் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மாட்டுத்தோலில் தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன்தான். அடையாறு சி.எல்.ஆர்.ஐ. (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்) செருப்புத் தோலோடு காயத்துக்கான கொலாஜனையும் ஆராய்ந்தது அதனால்தான். எங்கள் தொழிலின் பழைய சிக்கல் உங்கள் ஆய்வகத்திலும் அப்படியே இருக்கிறது. குறுக்குப் பிணைப்பு குறைவாகப் போட்டால் கரைந்துபோகும். குளுட்டரால்டிஹைடு போட்டு இறுக்கினால் நிற்கும், ஆனால் செல்லுக்கு விஷம். எவ்வளவு நாள் தாங்க வேண்டும் என்பதைப் புண் தீர்மானிக்கட்டும், கண்ணாடிக் குடுவை தீர்மானிக்கக் கூடாது.

நொதிக்கிறுக்கு

தோல்தொழில் ஐயா சொன்னதற்குக் காரணம் எம்.எம்.பி. நொதிகள், கொலாஜன் போன்ற புரதங்களை வெட்டுபவை. ஆறும் புண்ணில் அவை வந்து செல்களைத் தாங்கும் பழைய புரதச் சல்லடையை வெட்டி வழி செய்துவிட்டு அடங்கிவிடும். ஆறாத புண்ணில் அடங்குவதில்லை, குறிப்பாக எம்.எம்.பி.-9. மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்களும் சண்டை நிலையிலிருந்து கட்டுமான நிலைக்கு மாறாமல் மாட்டிக்கொள்கின்றன. நீங்கள் வைக்கும் கொலாஜனையும், செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிப் புரதத்தையும் அந்த நொதிகள் சேர்த்தே தின்னும். சில கொலாஜன் கட்டுகளின் வாதமே 'என்னைத் தின்னட்டும், நோயாளியின் சதையை விட்டுவிடட்டும்' என்பதுதான்.

இப்போது தம்பியின் ஜெல். கணக்கைப் போட்டுப் பார். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஒரு குளுக்கோஸை மாற்ற ஒரு ஆக்சிஜன் மூலக்கூற்றை எடுத்துக்கொள்ளும், ஒரு பெராக்சைடு தரும். இரண்டு பெராக்சைடு உடைந்தால்தான் ஒரு ஆக்சிஜன் திரும்பும். மாங்கனீசு துகள் முழுத்திறனோடு வேலை செய்தாலும் எடுத்ததில் பாதிதான் திரும்ப வரும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் திசுவில் இப்படி ஒரு நொதியை வைத்துவிட்டு 'ஆக்சிஜன் தரும் ஜெல்' என்று தலைப்புப் போடுவது எப்படி?

பாலிமர்ப்பையன்

பெராக்சைடு கணக்கு உறைக்கிறது. இதை கைடிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஆனாலும் பொருளே முக்கியமில்லை என்பதுபோல் போகிறது பேச்சு. அதை ஏற்க மாட்டேன். ஆப்ளிகிராஃப் இருக்கிறது: மாட்டுக் கொலாஜனில் பிறந்த குழந்தையின் தோல் செல்களை வளர்த்த இரண்டடுக்குத் தோல். சர்க்கரைப் புண் ஆய்வில் 12 வாரத்தில் 56 சதவீதம் ஆறியது, வழக்கமான சிகிச்சையில் 38. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2000இல் அனுமதித்தது. யானஸும் பர்க்கும் உருவாக்கிய இன்டெக்ரா சல்லடையில் செல்லே கிடையாது, கொலாஜனும், குருத்தெலும்பில் இருக்கும் காண்ட்ராய்டினும்தான். 16 வாரத்தில் 51 சதவீதம் ஆறியது, வழக்கமான சிகிச்சையில் 32. துளையின் அளவு சரியாக இருந்தாலே தழும்பாகச் சுருங்குவது குறைகிறது என்று யானஸ் காட்டினார். இதெல்லாம் வடிவமைப்பின் வெற்றி இல்லையா?

எண்புலி

வெற்றிதான். ஆனால் அதே எண்களை மறுபக்கத்திலிருந்தும் படி.

ஒன்று, அவ்வளவு செலவழித்தும் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ஆறவில்லை. இரண்டு, இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ரத்த ஓட்டம் ஓரளவு நன்றாக இருந்தவர்களை, தொற்று இல்லாதவர்களைத்தான் சேர்த்தார்கள். கட்டுக்காரி அக்காவின் கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்கள் வேறு ஆட்கள். மூன்றாவதுதான் எனக்குச் சுவாரசியம். 2001இல் ஆம்ஸ்ட்ராங் குழு 63 பேரைப் பிரித்து மாவுக்கட்டு, கழற்றக்கூடிய பூட்ஸ், அரைச் செருப்பு கொடுத்துப் பார்த்தது. 12 வாரத்தில் மாவுக்கட்டில் 89.5 சதவீதம் ஆறியது, பூட்ஸில் 65, அரைச் செருப்பில் 58. வேறு வேறு ஆய்வுகளை நேரடியாக ஒப்பிடக் கூடாது, நோயாளிகள் வேறு. இருந்தாலும் வெறும் மாவுக்கட்டு இவ்வளவு செய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு உன் ஜெல்லின் எண்ணைப் பார்.

பூட்ஸ் ஏன் பின்தங்கியது? அதே குழு பிறகு அளந்தது: கழற்ற முடிந்தவர்கள் தங்கள் நடையில் 28 சதவீதத்துக்குத்தான் அதைப் போட்டிருந்தார்கள். இடதுகால் அண்ணன் சொன்னதுதான்.

இடதுகால்

28 என்பதே அதிகம்.

பாலிமர்ப்பையன்

அப்படியானால் உலக வழிகாட்டுதல் என்ன சொல்கிறது?

எண்புலி

சர்வதேசப் பாதக் குழுவான ஐ.டபிள்யூ.ஜி.டி.எஃப். 2023இல் புதுப்பித்தது. படித்தால் பயோமெட்டீரியல்காரர்களுக்கு வயிறு எரியும். புண் ஆறவேண்டும் என்ற நோக்கில் கொலாஜன் கட்டு, ஆல்ஜினேட் (கடற்பாசிப் பொருள்) கட்டு வேண்டாம். வெள்ளி போன்ற கிருமிக்கொல்லி கட்டு வேண்டாம். தேன் வேண்டாம். வளர்ச்சிக் காரணி வேண்டாம், செல் வைத்த தோல் வழக்கமாக வேண்டாம். இதற்கெல்லாம் பயனே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஆய்வுகளின் தரம் போதவில்லை என்பது பெரும்பகுதி.

பரிந்துரைத்தவை கொஞ்சம். சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் பூசிய கட்டு அதில் ஒன்று. 240 பேர், ஐந்து ஐரோப்பிய நாடுகள், யாருக்கு எந்தக் கட்டு என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வு, 2018இல் வெளிவந்தது. ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைந்த புண்கள்தான் எடுத்தார்கள், அதாவது கஷ்டமான ஆட்கள். 20 வாரத்தில் 48 சதவீதம், சாதாரணக் கட்டில் 30. வேதியியலாக அது உன் ஜெல் அளவுக்குப் பகட்டானது இல்லை. ஆய்வு ஒழுங்காக நடந்தது, அதனால் நம்புகிறார்கள்.

கட்டுக்காரி

வளர்ச்சிக் காரணி பற்றி: பெக்காப்ளர்மின் ஜெல் 1997லேயே அமெரிக்காவில் வந்தது. ஆய்வில் 50 சதவீதம் ஆறியது, மருந்தில்லாத ஜெல்லில் 35. 2008இல் புற்றுநோய் இறப்பு பற்றிக் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை (மருந்து லேபிளில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) போட்டார்கள், 2018இல் எடுத்தார்கள். நடுவில் டாக்டர்கள் எழுதவே பயந்தார்கள். இங்கே ஹைதராபாத்தில் செய்யும் ஈ.ஜி.எஃப். என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி ஜெல்லும் வருகிறது. கியூபாக்காரர்கள் அதே ஈ.ஜி.எஃப்.ஐப் புண்ணின் ஓரத்திலும் அடியிலும் ஊசியாகவே போடுகிறார்கள், மேலே தடவினால் நொதி தின்றுவிடும் என்பது அவர்கள் வாதம்.

செத்த சதையைச் சீவாமல் மேலே எதைத் தடவினாலும் காசு கரைவதுதான் மிச்சம். நாட்பட்ட புண்களில் முக்கால்வாசிக்கு மேல் பயோஃபிலிம், அதாவது கிருமிகள் கூடிக் கட்டிய வழவழப்பான படலம், இருக்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கத்தியும், க்யூரெட் என்ற சுரண்டும் கருவியும்தான் அதற்கு இன்னும் முதல் மருந்து.

வாசகர்_திருச்சி

குறுக்கே ஒரு சந்தேகம். அம்மாவுக்கு விரலில் புண். 'காற்றாட விடு, காயட்டும்' என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சரியா?

கட்டுக்காரி

பொதுவாகத் தவறு. 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றித்தோலில் காட்டினார்: மூடி ஈரம் காத்த காயத்தில் மேல்தோல் சீக்கிரம் படர்கிறது, பொருக்குத் தட்டிய காயத்தில் அதற்கு அடியில் வழி தேடி அலைகிறது. ஆனால் உங்கள் அம்மாவின் விரல் ரத்தம் இல்லாமல் கறுத்துக் காய்ந்திருந்தால் கதை வேறு. அதை ஈரமாக்கக் கூடாது, முதலில் ரத்தக்குழாய் பார்க்க வேண்டும். எது என்று இங்கே எழுத்தில் சொல்ல முடியாது, இந்த வாரமே காட்டுங்கள். அதுவரை கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு உச்சி வெயிலில் சுற்ற விடாதீர்கள். கல் சுட்டு கொப்பளித்து வருபவர்கள் எங்களுக்கு வருஷா வருஷம் உண்டு.

நொதிக்கிறுக்கு

எலி விஷயத்தை முடித்துவிடுகிறேன். எலித்தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் இருக்கிறது. காயம் பட்டால் அது சுருக்குப்பை வாய்போல் இழுத்து மூடிவிடும். மனிதத் தோல் புதுச்சதை வளர்த்து, மேல்தோல் படர்ந்து மூட வேண்டும். சிலிகோன் வளையம் தைத்து இழுப்பைத் தடுக்கும் மாதிரி 2004லிருந்து இருக்கிறது. அதைச் செய்யாத கட்டுரையில் 'மூடியது' என்ற சொல்லை நம்ப வேண்டாம். அப்புறம், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டுச் சில வாரத்திலேயே சர்க்கரை வந்த இள எலிக்குப் பல வருஷம் சர்க்கரையில் ஊறிய இறுகிய கொலாஜன் கிடையாது. நரம்பு போன பாதம் கிடையாது. ஜெல் வைக்காத எலிக்கும் பெரும்பாலும் ஓரிரு வாரம் தாமதமாக ஆறிவிடும். அது நாட்பட்ட புண்ணே இல்லை.

இன்னொன்று, இதுதான் என் முக்கிய ஆட்சேபம். சர்க்கரையை உணர்ந்து திறக்கும் ஜெல் என்கிறாய். இன்சுலின் போட்டு அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த நோயாளிக்கும் புண் ஆறாமல் கிடக்கிறது. அவர் புண்ணில் உன் ஜெல் எதைப் பார்த்துத் திறக்கும்? புண்ணைத் திறந்தே வைத்திருப்பது அந்த நிமிடத்தின் குளுக்கோஸ் அல்ல. அழுத்தம், ரத்தக் குறைவு, பயோஃபிலிம், அடங்காத நொதி. எம்.எம்.பி. வெட்டினால் திறக்கும் பெப்டைடு பிணைப்பு என்றாலாவது புண்ணின் நிலையோடு சம்பந்தம் இருக்கும்.

பாலிமர்ப்பையன்

எம்.எம்.பி. வெட்டும் பிணைப்பு செய்ய எனக்கு வசதி இருக்கிறது. 2015இல் டி கார்லோ, செகூரா குழு செய்த நுண்மணி ஜெல்லும் அந்த வழிதான்: மணிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஒட்டினால், ஜெல் கரையும் வரை காத்திருக்காமல் செல்கள் உடனே உள்ளே நுழையும். துளை அளவும் என் கையில் இருக்கும். இது பிடித்திருக்கிறது.

தோல்தொழில்

நல்லது. அதை எந்தக் காலில் வைப்பாய் என்பதையும் யோசி. மறுபடி புண் வராமல் இருக்கச் செய்யும் செருப்புக்கே பாத அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே வர வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஜெல்களின் விறைப்பு பெரும்பாலும் சில கிலோபாஸ்கல். ஒரு அடி எடுத்துவைத்தால் பிதுங்கி ஓரத்துக்குப் போய்விடும். தோல் ஆலையில் ஒரு செருப்புத்தோலை ஆயிரக்கணக்கான முறை மடக்கிப் பார்த்துத்தான் வெளியே விடுவோம். காயத்துக்கான பொருளை நசுக்கி, தேய்த்துப் பார்த்த கட்டுரை எனக்குக் கண்ணில் படுவதே அபூர்வம்.

கட்டுக்காரி

ஐயா, கும்பிடுகிறேன். கூடவே இதையும் எழுதிக்கொள் தம்பி: எங்கள் நோயாளி வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கும் என்று நினைக்காதே. கட்டு மாற்றுவது மருமகளோ பேத்தியோ. எடுக்கும்போது புதுச்சதையோடு பிய்ந்து வரக்கூடாது. புண்ணிலிருந்து நீர் வடிந்தால் பக்கத்துத் தோல் ஊறி வெளுக்கும்.

இடதுகால்

விலையையும் எழுதிக்கொள். அக்கா, எனக்கு வைத்த ஷீட் எந்த மிருகம் என்றே சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கட்டுக்காரி

அண்ணே, அது மாடா, பன்றியா, மீனா என்று கேட்பவர்கள் நிறைய. சொல்லிவிடுவதுதான் நியாயம், வேண்டாம் என்பவருக்கு வேறு வைக்கலாம்.

விலை குறைய வழி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி 'கோலிடெர்ம்' என்ற சல்லடை செய்திருக்கிறது. 2023இல் அனுமதியை அறிவித்தபோது, 10,000 ரூபாய் ஆகும் சிகிச்சை 2,000 ரூபாய்க்கு வரலாம் என்றார்கள். கசாப்புக்கடைக் கழிவுதான் மூலப்பொருள். ஐஸ்லாந்தில் காட் மீன்தோலை வைத்து இதே தத்துவத்தில் செய்த கெரெசிஸை 2023இல் கோலோபிளாஸ்ட் 130 கோடி டாலருக்கு வாங்கியது. சல்லடை ஒன்றுதான், சந்தைதான் வேறு.

எண்புலி

அந்தச் சந்தையின் லட்சணம்: அமெரிக்க மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) இந்த வகைத் 'தோல் மாற்று'களுக்கு 2024இல் கொடுத்தது 1,000 கோடி டாலருக்கு மேல். அதில் பலவற்றுக்கு உருப்படியான ஆய்வே கிடையாது. சதுர சென்டிமீட்டருக்குக் காசு என்றால் புண் பெரிதாக இருப்பதில்தான் விற்பவனுக்கு லாபம். கடைசியில் 2026 முதல் ஒரே விலை என்று கட்டுப்படுத்தினார்கள்.

நடைமுறைக்கு ஒரு எண்: நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைந்தால் 12 வாரத்தில் ஆறும் வாய்ப்பு 58 சதவீதம், குறையாவிட்டால் 9. ஷீஹன் குழு, 2003. விலை கூடிய பொருளை முதல் நாளே வைக்காமல், மாவுக்கட்டும் சீவுதலும் ஒழுங்காக நடந்து நாலு வாரத்துக்குப் பிறகும் நகராத புண்ணுக்கு மட்டும் வைப்பது என்ற கொள்கை இதிலிருந்துதான் வருகிறது. தம்பி, உன் ஜெல்லுக்கான நோயாளி அவர்தான்.

பாலிமர்ப்பையன்

சரி, தலைப்பை மாற்றுகிறேன். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போய்விட்டது. எம்.எம்.பி. வெட்டும் நுண்மணி ஜெல், கூடவே அதைத் தாங்க ஒரு கொலாஜன் வலை. எலிக்குப் போவதற்கு முன் இரண்டு சோதனை: 200 கிலோபாஸ்கலில் நடைபோல் திரும்பத் திரும்ப அழுத்துவது, உண்மையான புண் நீரில் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்ப்பது. கைடு முகம் சுளித்தார், இதழில் போட முடியுமா என்று கேட்டார். பெராக்சைடு கணக்கைக் காட்டியதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

அக்கா, புண் நீர் எப்படிக் கிடைக்கும்?

கட்டுக்காரி

நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு சொட்டுகூடக் கிடைக்காது. சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுது, உன் பேராசிரியர் தமிழில் வேண்டாம், இடதுகால் அண்ணனுக்குப் புரிகிற தமிழில். உறிஞ்சு மிஷின் டப்பாவில் இருப்பதை எடுக்காதே. அதில் ரத்தமும் கழுவிய தண்ணீரும் கலந்திருக்கும். ஒட்டும் ஃபிலிமால் மூடிச் சில மணி நேரம் கழித்து சிரிஞ்சில் எடுப்பதுதான் நல்லது. ஒவ்வொரு மாதிரிக்கும் சர்க்கரை அளவோடு, ரத்த ஓட்டம், தொற்று, காலில் மாவுக்கட்டு இருந்ததா இல்லையா எல்லாம் குறித்துக்கொள்.

நொதிக்கிறுக்கு

எடுத்ததும் ஐஸில் வை, சுழற்றித் தெளிந்ததைச் சிறு சிறு குழாயாகப் பிரித்து மைனஸ் 80இல் போடு, உருக்கி உருக்கி மறுபடி உறைய வைக்காதே. வழக்கம் என்று சொல்லி புரோட்டியேஸ் தடுப்பான் (புரதம் வெட்டும் நொதிகளை நிறுத்தும் பொருள்) கலந்துவிடாதே, நீ அளக்கப்போவதே அந்த நொதிகளின் வேலையைத்தான்.